நாலாம் சனிக்கிழமை

உ

குவேக்கர்ஸ் ஹில், சிட்னி
05 ஓகஸ்ட் 2024

அன்புள்ள தங்கச்சி யோகாவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டண்டினொங் குளிர் எலும்புக்குள் போய் இருந்துகொள்கிறது என்று சென்றமுறை எழுதியிருந்தாய். நல்லெண்ணெய் பூசு. எனக்கு ஒரு குறையுமில்லை. குறை எல்லாம் என் நிர்வாகசபையில்தான்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன் என் கராஜுக்குள் ஏழு பிள்ளைகளோடு இந்தத் தமிழ்ப் பாடசாலையைத் தொடங்கினேன். இன்று நூற்றுநாற்பது பிள்ளைகள். சனிக்கிழமை காலைகளில் அரசாங்கப் பாடசாலையின் பத்து வகுப்பறைகள் எங்களுக்குத் தரப்படுகின்றன. கேற்றுக்குள் கால் வைத்தால் தமிழ் மட்டும்தான் என்பது முதல் நாளில் வைத்த ஒழுங்கு. இப்போது அதில் கை வைக்கப் பார்க்கிறார்கள். அடுத்த வருடம் முதல் பாலர் வகுப்பில் ஆங்கிலத்தில் விளக்கித் தமிழ் படிப்பிக்க வேண்டும் என்று செயலாளர் தாட்சாயினி பிரேரணை கொண்டுவந்திருக்கிறாள். நான் அரிவரி படிப்பித்த பிள்ளை. இப்போது உயர்தரப் பாடசாலை ஆசிரியை. பட்டம் இருக்கிறது.

"அங்கிள், சின்னனுகள் விளங்காமல் அழுகுதுகள். ரெண்டாம் தவணையோட பதினொரு பேர் வாறதை நிப்பாட்டிட்டினம்" என்றாள்.

"அழட்டும். நீயும் அழுதனி. இப்ப என்னோட தமிழிலதானே சண்டை பிடிக்கிறாய்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிரேரணையை மட்டும் மீளப்பெறவில்லை.

நவம்பர் 23 அன்று வாக்கெடுப்பு. நிர்வாகசபையில் ஆறு பேர். அவள் பக்கம் சுஜீதனும் இளங்கீரனும். என் பக்கம் செந்தில்நாதனும் பாலர் வகுப்பு ஆசிரியை கல்யாணியும். மூன்றுக்கு மூன்று என்றால் தலைவருக்கு மேலதிகமாக ஒரு வாக்கு உண்டு. அந்த வாக்கு என்னிடம் இருக்கும்வரை பாடசாலைக்குப் பயமில்லை.

இளங்கீரன் இரண்டு சனி வரவில்லை. மூன்று சனி தொடர்ந்து வராதவர் நிர்வாகசபையில் இருக்க முடியாது என்ற ஒன்பதாம் விதி உனக்கு நினைவிருக்கும். வரவு இடாப்பில் அவன் பெயருக்கு நேரே என் சிவப்பு மைப்பேனாவால் இரண்டாவது வட்டத்தைப் போட்டுவிட்டேன். அந்தப் பேனா இன்னும் கசிகிறது. பெருவிரல் முழுக்க மை.

கூட்டம் முடிந்து காருக்குப் போகும் வழியில் பஸ் தரிப்பிடத்தில் சற்று இருந்துவிட்டுப் போனேன். வெயில் நன்றாக இருந்தது.

உடம்பைக் கவனி.

உன் அண்ணன்
கதிர்காமநாதன்


டண்டினொங்
16 ஓகஸ்ட் 2024

அன்பு அண்ணைக்கு,

யோகா எழுதுவது. நல்லெண்ணெயும் பூசினேன், வைத்தியர் தந்த குளிசையையும் விழுங்கினேன். எது வேலை செய்ததோ தெரியாது, படி ஏறுகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் பாடசாலைக்காக. இரண்டாம் தரம் அந்தப் பஸ் தரிப்பிடத்துக்காக. அண்ணை, நீங்கள் எந்தக் காலத்தில் வெயில் காய இருந்தீர்கள்? ரொட்டித் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்தும் கதிரையில் இருக்காமல் பாடம் எழுதிய மனிதர் நீங்கள். கார் விடும் இடம் அங்கிருந்து எவ்வளவு தூரம்? நான் வந்து நடந்த இடம்தானே.

அருந்தவன் போன ஞாயிறு டார்னெய்ட்டில் இருந்து பிள்ளைகளோடு வந்தான். "மாமி, அப்பா போன் எடுக்கிறேல்லை. மெசேஜ் போட்டால் கைவிரல் படம் ஒண்டு மட்டும் வருது" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் சாப்பிடாமல் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாலர் வகுப்பு விசயம். எங்கள் பாடசாலை சின்னது, நாற்பத்திரண்டு பிள்ளைகள். இங்கே பெரிய வகுப்பு எடுக்கிற ஒருவர், சின்னப் பிள்ளைக்குத் தேவைப்பட்ட இடத்தில் ஆங்கிலத்தில் சொன்னால் குடிமுழுகிப் போகாது என்பார். அப்படித்தான் செய்கிறோம். பிள்ளைகள் விட்டுப் போவதில்லை. இதைச் சொன்னால் கோபிப்பீர்கள், கோபியுங்கள்.

இன்னொன்று. கராஜில் "தொடங்கினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கராஜில் பிள்ளைகள் இருந்து படிக்க இரண்டு ஆண்கள் பலகையில் வாங்கில் அடித்ததை நான் கண்ணால் கண்டவள். சரி, விடுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பஸ் தரிப்பிடத்துக்குப் பதில் எழுதுங்கள்.

தங்கை
யோகா


உ

குவேக்கர்ஸ் ஹில்
27 ஓகஸ்ட் 2024

அன்புள்ள தங்கச்சி யோகாவுக்கு,

நீ படி ஏறுவது கேட்டு நிம்மதி. இங்கே எல்லாம் வழக்கம் போல.

இளங்கீரன் மூன்றாம் சனி காய்ச்சலோடு வந்து சேர்ந்தான். கம்பளித் தொப்பியோடு நின்று "அங்கிள், வந்திட்டன், வட்டம் போட்டிடாதேங்கோ" என்றான். விதி என்றால் இப்படித்தான் பயம் இருக்க வேண்டும். அது இருந்தபடியால்தான் பாடசாலை முப்பத்தொரு வருடம் நின்றது.

ஆசிரியர் கூட்டத்தில் தாட்சாயினி ஒரு பேச்சுப் பேசினாள். அமெரிக்காவில் நவஹோ என்ற பூர்வகுடி மக்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தாங்களே பொறுப்பெடுத்துப் பாடசாலை நடத்தினார்களாம். அதுவரை அந்தப் பிள்ளைகளைத் தூர விடுதிகளுக்குக் கொண்டுபோய்ச் சொந்த மொழி பேசினால் தண்டித்தார்களாம். ஊர்ப் பெரியவர்களே நிர்வாகசபையில் இருந்து, தங்கள் மொழியையும் ஆங்கிலத்தையும் சேர்த்துப் படிப்பிக்க வைத்தார்களாம். "அந்தப் பெரியாக்களில கனபேர் பள்ளிக்கூடமே போகாதவை. எங்கட..." என்று என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"நான் எட்டாம் வகுப்பு மட்டும் போனனான், பிள்ளை" என்றேன்.

மறுநாள் நூலகத்துக்குப் போய், அந்தப் பாடசாலையைப் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கிழமையாகப் படிக்கிறேன். அவள் அதில் கண்டது இரண்டு மொழிகளை. நான் கண்டது, பட்டம் இல்லாத கிழவர்கள் கதிரையை விட்டு எழும்பவில்லை என்பதை.

நீ கேட்ட பஸ் தரிப்பிடம். மனிதன் ஒரு நாள் இருந்ததற்கு இத்தனை விசாரணையா? நான் போன் எடுக்காததற்கும் காரணம் இதுதான். போனில் நீங்கள் எல்லாரும் என் மூச்சைக் கேட்டு வைத்தியம் பார்க்கிறீர்கள். கடிதத்தில் நான் சொன்னது மட்டும்தான் இருக்கும்.

அடுத்த கிழமை ஒரு சின்னப் பரிசோதனை. வயதுக்கு எல்லாருக்கும் செய்வது. அருந்தவனுக்குச் சொல்லத் தேவையில்லை.

உன் பாடசாலையில் பெரிய வகுப்பு எடுக்கிறவரிடம் சொல், குடிமுழுகுவது ஒரே நாளில் நடப்பதில்லை என்று.

உன் அண்ணன்
கதிர்காமநாதன்


டண்டினொங்
10 செப்டெம்பர் 2024

அண்ணைக்கு,

சுகம் விசாரிக்கும் வரிகளை இந்த முறை விட்டுவிடுகிறேன். முழுக் கடிதமும் அதுதான்.

கல்யாணி எனக்குப் போன் எடுத்தார். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார். நான் சொல்கிறேன், அவரோடு கோபிக்க வேண்டாம்.

"மேடம், சார் மாடிப்படியில பாதியில உக்காந்துட்டார். முகமெல்லாம் வெளுத்துப் போச்சு, சட்டை நனைஞ்சிருச்சு. நான் ஓடிப்போய்த் தண்ணி எடுத்துட்டு வர்றேன், அதுக்குள்ள எந்திரிச்சு நிக்கிறார். என்ன சார்னு கேட்டா, 'படி எத்தினை எண்டு எண்ணினனான், பதினெட்டு'ன்னு சொல்றார். சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல."

பதினெட்டுப் படி. முப்பத்தொரு வருடத்தில் அதை எண்ண உங்களுக்கு இப்போதுதான் நேரம் கிடைத்ததா?

அந்தச் சின்னப் பரிசோதனையில் என்ன சொன்னார்கள்? எந்த வைத்தியர்? என்ன வருத்தம்? மூன்று கேள்வி. மூன்றுக்கும் மூன்று வரி போதும். பாடசாலையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

ஒரு கிழமை பார்ப்பேன். பிறகு அருந்தவனைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்பேன்.

யோகா


உ

குவேக்கர்ஸ் ஹில்
18 செப்டெம்பர் 2024

அன்புள்ள தங்கச்சி யோகாவுக்கு,

வர வேண்டாம். எழுதுகிறேன்.

இதயத்துக்குப் போகும் குழாய்களில் மூன்று அடைபட்டிருக்கின்றன. நெஞ்சைத் திறந்து மாற்றுவழி போட வேண்டும் என்கிறார்கள். வைத்தியர் இளம் பெண், எங்கள் ஆள் இல்லை, ஆனால் பொறுமைசாலி. படத்தைக் காட்டி விளங்கப்படுத்தினாள். பிந்தினால் என்ன நடக்கும் என்றும் சொன்னாள். அதை நான் எழுதத் தேவையில்லை.

"பாடசாலை விடுமுறைக்குள் செய்ய முடியுமா?" என்று கேட்டேன். செப்டெம்பர் 28, ஒக்டோபர் 5, 12 மூன்றும் விடுமுறைச் சனிக்கிழமைகள். ஒன்பதாம் விதியில் அவை கணக்கில்லை.

"உங்களுக்குப் பாடசாலை போகும் வயதில் பிள்ளை இருக்கிறதா?" என்று கேட்டாள்.

"நூற்றுநாற்பது" என்றேன்.

சிரித்தாள். ஆனால் விடுமுறைக்குள் இடமில்லை. தந்த திகதி ஒக்டோபர் 14, திங்கள். தவணை தொடங்கும் நாள். அதற்குப் பிறகு 19, 26, நவம்பர் 2 என்று மூன்று சனியும் நான் படுக்கையில். நவம்பர் 23 வரும்போது நான் நிர்வாகசபையில் இல்லை. மூன்றுக்கு இரண்டு. முடிந்தது கதை.

ஆகவே டிசெம்பரில் செய்யச் சொல்லிவிட்டேன். வைத்திய ஆலோசனைக்கு மாறாக நானே தள்ளிப்போடுகிறேன் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "சுகவீனம், கலியாணம், சாவீடு எதற்கும் விலக்கு இல்லை" என்பது அந்த விதியின் கடைசி வசனம். அதை எழுதியது நான். மற்றவனுக்குக் கத்தி, எனக்குப் பூ என்று ஒரு விதி இருக்க முடியாது.

படிகளைத் தவிர்க்கிறேன். வகுப்பறைக் கதவில் சாய்ந்து நின்று பார்க்கிறேன். மூன்று கேள்விக்கும் பதில் தந்துவிட்டேன். அருந்தவனுக்குச் சொல்லாதே.

அண்ணன்


டண்டினொங்
23 செப்டெம்பர் 2024
(விரைவுத் தபால்)

அண்ணைக்கு,

அருந்தவனுக்குச் சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளைக்குச் சொல்லாமல் சாக உங்களுக்கு உரிமை இல்லை.

தாட்சாயினிக்கும் போன் எடுத்தேன். அவளுக்குத் தெரியாதாம். எப்போது, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள். பிறகு, "அன்ரி, விதியை ஒரு நிமிசத்தில நிப்பாட்டி வைப்பம். வாக்கெடுப்பையும் பெப்ரவரிக்குத் தள்ளுவம். அங்கிள் சுகமாகி வந்து எங்களோட நல்லாச் சண்டை பிடிக்கட்டும். அவர் இல்லாத நேரம் பாத்து வெல்ல எனக்கு விருப்பமில்லை" என்றாள். நீங்கள் பயப்படுகிற எதிரி இவள்தான்.

ஆகவே ஒரு தடையும் இல்லை, உங்களைத் தவிர.

விலக்கை ஏன் வாங்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த விதியால் இதுவரை விழுந்தது ஒரே ஒரு ஆள். உங்களோடு கராஜில் வாங்கில் அடித்த ஆனந்தராஜா அண்ணை. 2009இல் மனைவி ரஞ்சிதம் அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் மூன்று சனி வரவில்லை. அப்போதும் இதே பாலர் வகுப்பு, இதே ஆங்கிலம், இதே வாக்கெடுப்பு. விதி விதிதான் என்றீர்கள். நான் அன்று ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் அண்ணன், நான் தங்கச்சி. அது என் பிழை.

ஒன்பது வருடமாக உங்களிடம் மறைத்ததைச் சொல்கிறேன். எங்கள் பாடசாலையில் பெரிய வகுப்பு எடுப்பவர் அவர்தான். மகளோடு டண்டினொங்குக்கு வந்தவர். ஒரு நாள் மண்டப வாசலில் நின்று, "யோகா, இஞ்ச ஒரு கதிரை இருக்கோ?" என்று கேட்டார். கொடுத்தேன்.

இங்கேயும் மூன்று சனி என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அவர் கொண்டுவந்தது. ஆசிரியரோ பிள்ளையோ யாராவது மூன்று சனி வராவிட்டால், நாலாம் சனி காலை அவர் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவார். பஸ்ஸில் போவார். ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டார். இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார். அநேகமாக அடுத்த சனி அவர்கள் வந்துவிடுவார்கள்.

இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் எடுங்கள்.

யோகா


டண்டினொங்
07 ஒக்டோபர் 2024

அண்ணை,

இரண்டு கிழமை. ஒரு வரியும் இல்லை.

நீங்கள் கதவைத் திறக்காமல் "போயிட்டு வா" என்று உள்ளேயிருந்து சொன்னதாக அருந்தவன் சொல்கிறான். சிட்னி வரை வந்த பிள்ளையை. கல்யாணியைக் கேட்டால், விடுமுறை என்பதால் தானும் காணவில்லை என்கிறார். வீட்டில் விளக்கு எரிகிறது என்று மட்டும் செந்தில்நாதன் காரில் போகும்போது பார்த்துச் சொன்னாராம். ஒவ்வொரு நாளும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.

ஆனந்தராஜா அண்ணையின் பெயரை எழுதியது பிழை என்றால் பிழைதான். கோபத்தையாவது எழுதி அனுப்புங்கள். உங்கள் கையெழுத்தைக் கண்டால் போதும்.

யோகா


உ

குவேக்கர்ஸ் ஹில்
10 ஒக்டோபர் 2024

அன்புள்ள தங்கச்சி யோகாவுக்கு,

இருக்கிறேன். முதலில் அதை அறிந்துகொள்.

உன் கடிதம் வந்த அன்று ஆத்திரத்தில் கிழிக்கப் பார்த்தேன். ஒன்பது வருடம்! நீ எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் அந்த மனிதர் இருந்திருக்கிறார், நான் அவருக்கே ஆள்விட்டுப் பதில் சொல்லியிருக்கிறேன். பிறகு கராஜுக்குள் போனேன். பழைய இடாப்புகள் எல்லாம் அங்கே பெட்டிகளில் இருக்கின்றன. 2009ஐத் தேடி எடுக்க எனக்கு இரண்டு நாள் சென்றது. ஒரு பெட்டி தூக்கினால் அரை மணித்தியாலம் இருக்க வேண்டியிருந்தது.

ஓகஸ்ட் 8, 15, 22. மூன்று சிவப்பு வட்டம். மூன்றும் என் கை.

உனக்கு இரண்டு வட்டத்தின் கதைதான் தெரியும். அந்த இரண்டு சனியும் ரஞ்சிதம் ஆஸ்பத்திரியில். மூன்றாம் சனி, 22ஆம் திகதி, அவவின் செத்தவீடு. பகல் பதினொரு மணிக்குத் தகனம். எனக்குத் தெரியும். அறிவித்தலை நானே பாடசாலைப் பலகையில் ஒட்டியிருந்தேன். அன்று காலை ஒன்பதரைக்கு வழக்கம் போல இடாப்பை எடுத்தேன். ஆனந்தராஜா என்ற பெயருக்கு நேரே வந்தேன். கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு வட்டத்தைப் போட்டு, மூடி வைத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு செத்தவீட்டுக்குப் போனேன். முதல் ஆளாகப் போய் அவன் கையைப் பிடித்தேன்.

அடுத்த கிழமை வாக்கெடுப்பில் வென்றேன்.

இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. அவனுக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது மூன்று வாரம் போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன். பாலர் வகுப்பில் இன்றைக்கும் கல்யாணி தூக்கிக் காட்டுகிற அ, ஆ அட்டைகள் ரஞ்சிதம் வரைந்தவை. அது கல்யாணிக்கும் தெரியாது.

பாடசாலையைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று பதினைந்து வருடம் சொல்லிக்கொண்டேன். இப்போதும் பாலர் வகுப்பில் ஆங்கிலம் பிழை என்பேன். அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த வட்டம் பாடசாலைக்காகப் போட்டதல்ல. தோற்கப் பயந்து போட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன். 14ஆம் திகதியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். 16, புதன் கிடைத்தது. அருந்தவன் வருகிறான், இந்த முறை கதவைத் திறப்பேன். உன் முழங்கால் விட்டால் நீயும் வா. எனக்குப் பயமாக இருக்கிறது.

தாட்சாயினிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். விலக்கு வேண்டாம். வாக்கெடுப்பைத் தள்ளவும் வேண்டாம். மூன்று சனி வராவிட்டால் நான் போக வேண்டும், அவன் போனது போல.

இந்தக் கடிதத்தை அவனிடம் காட்டு.

அண்ணன்


டண்டினொங்
30 ஒக்டோபர் 2024

நண்பர் கதிர்காமநாதனுக்கு,

நெஞ்சைத் திறந்து தைத்த ஆளிடம் சுகமா என்று கேட்பது சரியில்லை. மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று கேட்கிறேன். யோகா திரும்பி வந்ததும் முதல் வேலையாகச் சொன்னா, நீர் மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி "இண்டைக்கு என்ன கிழமை?" என்று. நம்பினேன்.

உம்முடைய கடிதத்தை நீர் ஆஸ்பத்திரியில் படுத்த அன்றே வாசித்தேன். எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர். எனக்குத் தெரியும்.

அன்று தகனசாலை வாசலில் நீர் என் கையைப் பிடித்தபோது உம்முடைய பெருவிரலில் சிவப்பு மை இருந்தது, காயாமல். அந்தப் பேனாவை எனக்குத் தெரியாதா? சனிக்கிழமை காலை, நேரம் பத்தரை. நீர் எங்கிருந்து வருகிறீர், என்ன செய்துவிட்டு வருகிறீர் என்று கணக்குப் பார்க்க எனக்குப் படிப்புத் தேவைப்படவில்லை. என் வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில் அந்த மை பட்டது. ரஞ்சிதத்துக்கு வாய்க்கரிசி போடும்போதும் அதுதான் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அவவுக்காக அழ வேண்டிய நேரத்தில் உம்மை நினைத்துக்கொண்டு நின்றேன். உம்மோடு எனக்கிருந்த கோபம் பதவிக்காக அல்ல, இதற்காக.

வீட்டுக்கு வந்து தோய்த்துப் பார்த்தேன். போகவில்லை. சட்டையை எறிந்தேன்.

யோகாவுக்கு ஏன் சொல்லவில்லை என்றால், அவ உம்முடைய தங்கச்சி. ஒரு தங்கச்சிக்குத் தெரிய வேண்டிய விசயம் அல்ல அது.

உம்முடைய கடிதத்தில் மன்னிப்பு என்ற சொல் இல்லை. தேடிப் பார்த்தேன். இருந்திருந்தால் உம்மை நம்பியிருக்க மாட்டேன். நானும் அந்தச் சொல்லை இதில் எழுதவில்லை. பாலர் வகுப்பு விசயத்தில் நீர் அன்றைக்கும் பிழை, இன்றைக்கும் பிழை.

ஒக்டோபர் 19, 26, வாற நவம்பர் 2. மூன்று சனியாகிறது. எங்கள் பாடசாலை வழக்கத்தை யோகா உமக்கு எழுதியிருப்பா. சிட்னி பஸ்ஸில் போகிற தூரம் இல்லை என்றபடியால் விமானத்துக்குப் பதிந்திருக்கிறேன்.

9ஆம் திகதி வாறன்.

ஆனந்தராஜா


உ

குவேக்கர்ஸ் ஹில்
10 நவம்பர் 2024

அன்புள்ள தங்கச்சி யோகாவுக்கு,

நொண்டும் காலோடு வந்து ஒரு கிழமை எனக்குக் கஞ்சி காய்ச்சினாய்.   தையல் காய்ந்துவிட்டது. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், அதை மட்டும் வெட்கத்தோடு செய்கிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தாட்சாயினி இடாப்போடு வந்தாள். மூன்று சனிக்கும் என் பெயருக்கு நேரே பென்சிலால் சின்னப் புள்ளி வைத்திருந்தாள்.

"வட்டம் என்னால போடேலாது, அங்கிள். நீங்கள் கோபிச்சாலும் சரி."

"பேனாவை எடுத்துத் தா" என்றேன். நானே மூன்று வட்டமும் போட்டேன். பேனா கசிந்து பெருவிரலில் மை ஊற்றுண்டது. அவள் அழத் தொடங்கினாள்.

"நீ ஏன் அழுறாய்? இருபத்திமூண்டாம் திகதி உன்ர பிரேரணை வெல்லப்போகுது. அழ வேண்டியவன் நான்."

"வெண்டாலும் முதல் நாள் நீங்கள் வந்து வகுப்பில இருக்க வேணும்."

"பின் வாங்கில இருப்பன். இங்கிலீசில ஒரு சொல்லுக் கூடிச்சுதெண்டால் கை உயர்த்துவன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். வாக்கெடுப்பு என்னவாகும் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதில் சம்மதம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. முதலாம் வருடப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருப்பேன்.

நேற்று ஆனந்தராஜா வந்தான். அருந்தவன் தோசை சுட்டுக் கொடுத்தான். இரண்டு மணித்தியாலம் பாலர் வகுப்பைப் பற்றிச் சண்டை பிடித்தோம். அவன் குரல் ஏறினால் அருந்தவன் என் நெஞ்சைப் பார்ப்பான், என் குரல் ஏறினால் அவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "மூச்சை விட்டிட்டுச் சொல்லும், நான் எங்கையும் ஓடேல்லை" என்பான். ரஞ்சிதத்தின் அட்டைகளைக் கல்யாணியிடம் சொல்லி எடுப்பித்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தான். திருப்பித் தந்து, "பிள்ளையளிட்ட இருக்கட்டும்" என்றான். பின்னேர விமானத்தில் போய்விட்டான். நீ அவனிடம் கேட்டால் இவ்வளவும் சொல்லுவான். உனக்கு எழுத நினைத்தது அதற்கு முன் நடந்ததை.

காலை ஒன்பதரை. இடாப்பு எடுக்கும் நேரம். முன்னறைக் கதிரையில் இருந்தேன். கதவு ஒரு தரம் தட்டுப்பட்டது. குசினியிலிருந்து அருந்தவன் ஓடி வந்தான். "இரு. நான் திறக்கிறன்" என்றேன். எழும்பி, சுவரைப் பிடித்து, நடந்து கதவடிக்குப் போக எனக்குக் கன நேரம் எடுத்தது. அவன் இரண்டாம் தரம் தட்டவில்லை. அந்தப் பக்கம் நிற்பது கண்ணாடியில் நிழலாகத் தெரிந்தது.

பூட்டில் கை வைத்தபோதுதான் பெருவிரலைக் கண்டேன். வெள்ளிக்கிழமை மை நகத்தைச் சுற்றிச் சிவப்பாக அப்படியே இருந்தது. துடைப்பதற்கு உடுத்திருந்த சாரத்தின் தலைப்பைத் தூக்கினேன். பிறகு விட்டுவிட்டேன்.

கதவைத் திறந்து, அந்தக் கையைத்தான் நீட்டினேன்.

உன் அண்ணன்
கதிர்காமநாதன்